ஜாலான் அம்பாஸ் பள்ளிக்கூடம்: பி. ரம்லியும் இந்திய இயக்குநர்களும்

ஜார்ஜ் டவுனில் பெரியவர்கள் கவுண்டர் ஹால் ரோடு என்று சொல்லிப் பழகிய சாலைக்கு இப்போது ஜாலான் பி. ரம்லி என்று பெயர். அங்கே தூண்கள்மேல் நிற்கும் ஒரு கம்பத்து மரவீட்டைத் தேசிய ஆவணக் காப்பகம் புதுப்பித்துக் காத்துவருகிறது. 1929 மார்ச் 22ஆம் தேதி பிறந்த தெயுக்கு சக்காரியா என்ற பையன் வளர்ந்த வீடு அது. அப்பா தெயுக்கு ஞாக் பூத்தே, ஆச்சேயிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. அம்மா சே மா, கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தைச் சேர்ந்தவர். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் நடிகர், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர், கதாசிரியர் எல்லாமாகி, மலாய்த் திரையுலகின் ஒரே பெயராக நின்ற பி. ரம்லி.

அந்தப் ‘பி’ பூத்தே என்ற அப்பா பெயரின் முதலெழுத்து. அப்பா பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் வைப்பது யாருடைய வழக்கம் என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்து மலாய்ப் படங்களின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்: எஸ். ரூமாய் நூர், எம். அமின், எஸ். கடாரிஸ்மான், ஏ. ஆர். தொம்பெல் என்று தலைப்பெழுத்துகள் வரிசையாக வரும். மலாய் மரபில் பெயருக்குப் பின்னால் ‘பின்’ போட்டு அப்பா பெயர் வர வேண்டும். வெள்ளித்திரையில் மட்டும் ஏன் அது முன்னால் ஓர் எழுத்தாகச் சுருங்கியது? சின்ன விஷயம்தான். ஆனாலும் இந்தக் கட்டுரையின் கேள்வி முழுவதும் அந்த ஓர் எழுத்துக்குள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. மலாய்ப் படங்களின் பொற்காலம் என்று நாடே நினைவுகூரும் அந்த இருபது ஆண்டுகளில் இந்தியக் கைகளின் பங்கு எவ்வளவு? அதை எப்படி மதிப்பிடுவது?

இதுவரை இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ரம்லி ஒரு பிறவி மேதை, எல்லாம் அவரிடமிருந்தே தொடங்கியது என்பது ஒன்று. பள்ளிப் பாடங்களும் தொலைக்காட்சி அஞ்சலிகளும் பெரும்பாலும் இப்படித்தான் பேசும். முதலில் வந்த இந்திய இயக்குநர்கள் மலாய் வாழ்க்கை தெரியாமல் இந்தியப் படங்களை மலாய்ப் பேச்சில் எடுத்துத் தள்ளினார்கள், ரம்லி வந்துதான் படத்தை மலாய் மண்ணுக்கு மீட்டார் என்பது மற்றொன்று. 1950களிலேயே மலாய்ப் பத்திரிகைகளிலும் எழுத்தாளர் வட்டங்களிலும் இந்தக் குறை ஒலிக்கத் தொடங்கிவிட்டது. இதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேட சிங்கப்பூருக்குப் போவதற்கு முன்னால் நம் பினாங்குத் துறைமுகத்துக்கே வர வேண்டும்.

பம்பாயிலிருந்து கிளம்பிய பார்சி நாடகக் கம்பெனிகள் 1870களில் பினாங்குக்கு வந்தன. இந்துஸ்தானியில் பாட்டும் வசனமுமாக ஆடினார்கள். வரைந்த திரைச்சீலைகள், ஆர்மோனியம், அரபுக் கதைகள், ஷேக்ஸ்பியர் எல்லாம் ஒரே கொட்டகையில். ‘வாயாங் பார்சி’ என்று ஊரார் அதை அழைத்தார்கள். மொழி புரியாவிட்டாலும் கூட்டம் கூடியது. அப்படி ஒரு கம்பெனி ஊர் திரும்பியபோது, மாமாக் பூஷி என்ற பினாங்குக்காரர் அவர்களுடைய திரைகளையும் உடைகளையும் வாங்கி, 1885 வாக்கில் மலாய் மொழியிலேயே ஆடும் ஒரு குழுவைத் தொடங்கினார். பங்சாவான் என்ற மலாய் இசை நாடகம் அப்படித்தான் பிறந்தது. ‘மாமாக்’ என்ற சொல்லே நம் ‘மாமா’விலிருந்து வந்தது. இதையெல்லாம் நுணுக்கமாக ஆராய்ந்து எழுதிய தான் சூய் பெங் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1993ல் வெளிவந்த அவருடைய பங்சாவான் வரலாறு, நம் ஊரைப் பற்றி எழுதப்பட்ட நல்ல நூல்களில் ஒன்று.

அதே பார்சி கம்பெனிகள்தாம் சென்னை மாகாணத்திலும் சுற்றி, தமிழ் மேடைக்குத் திரையையும் ஆர்மோனியத்தையும் நடுநடுவே பாட்டு வைக்கும் பழக்கத்தையும் தந்துவிட்டுப் போயின. அந்த மேடைகளிலிருந்து கிளம்பியதுதான் தமிழ்ப் பேசும்படம். ஆகத் தமிழ் சினிமாவும் மலாய் சினிமாவும் ஒரே பாட்டி வீட்டுப் பேரப் பிள்ளைகள். மலாய்ப் படங்களில் பாட்டையும் ஆட்டத்தையும் அழுகையையும் இந்திய இயக்குநர்கள் கொண்டுவந்து திணித்தார்கள் என்று சொல்பவர்கள் இந்த எழுபது ஆண்டு முன்கதையை மறந்துவிடுகிறார்கள். 1948ல் கொட்டகையில் டிக்கெட் வாங்கிய மலாய் ரசிகர், பாட்டில்லாத கதையை மேடையிலும் அதிகம் பார்த்திருக்க மாட்டார். முதல் மலாய்ப் பேசும்படம் 1934ல் வந்த லைலா மஜ்னூன். இயக்கியவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். அந்தக் கதை பங்சாவான் மேடைகளில் ஆடி ஆடி ஊருக்கே மனப்பாடமான கதை. அவர் புதிதாக எதையும் இறக்குமதி செய்யவில்லை. ஏற்கெனவே வந்து குடியேறியிருந்ததைப் படம் பிடித்தார்.

போருக்குப் பிறகு ஷா சகோதரர்கள், ரன்மி ஷாவும் ரன் ரன் ஷாவும், சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் ஸ்டூடியோவை நடத்தினார்கள். அது ஹாலிவுட்டின் அச்சு. மாதச் சம்பளத்தில் நடிகர்கள், ஒப்பந்தம், பக்கத்திலேயே பூன் தெக் சாலையில் கலைஞர்களுக்குக் குடியிருப்பு, எடுத்த படத்தை ஓட்ட ஊர் ஊராகச் சொந்தக் கொட்டகைகள். இங்கே ஒரு காலப் பொருத்தம் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். 1948ல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில், படம் எடுப்பவர்களே கொட்டகைகளையும் கையில் வைத்திருக்கக் கூடாது என்ற பக்கம் தீர்ப்பளித்து, ஹாலிவுட் ஸ்டூடியோ முறையின் அடித்தளத்தை ஆட்டியது. அங்கே அந்தக் கட்டடம் விரிசல் விட்ட அதே ஆண்டில் ஜாலான் அம்பாஸில் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் பத்தொன்பது வயதுப் பினாங்குப் பையன் ஒருவன் சிங்கப்பூரில் போய் இறங்கினான்.

அவனை அங்கே அழைத்துச் சென்றவரும் ராஜ்ஹான்ஸ்தான். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த ரம்லியின் படிப்பை ஜப்பானியர் காலம் குலைத்துப்போட்டது. பாட்டு மட்டும் விடவில்லை. 1947ல் வட மலாயாப் பாடகர் போட்டியில் முதல் பரிசு. மறு ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விழாவில் பாடியபோது, ஆள் தேடி வந்திருந்த ராஜ்ஹான்ஸின் காதில் அந்தக் குரல் விழுந்தது. முதல் படம் ‘சிந்தா’. அதில் கதாநாயகனுக்குப் பின்னணி பாடினார், வில்லனாகவும் நடித்தார். மலாய் ‘சிந்தா’ என்றால் காதல். நம் ‘சிந்தை’யும் அதுவும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை.

அடுத்து வருபவர் நாம் அதிகம் பேச வேண்டியவர்: எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து சிறுவயதிலேயே மலாயாவுக்கு வந்து வளர்ந்த தமிழர். 1950ல் ‘பக்தி’ என்ற படத்தை இயக்கினார். அவருக்கு அதுதான் முதல் படம். அதில்தான் ரம்லி முதன்முதலாகக் கதாநாயகன், பாட்டும் அவருடைய சொந்தக் குரலில். பருக்கள் தழும்பிட்ட முகம், மெலிந்த உடம்பு. அன்றைய கதாநாயகன் அளவுகோலுக்குள் அடங்காத பையன். அவனை நடுவில் நிறுத்தத் துணிந்தது இருபத்தெட்டு வயதுகூட நிரம்பாத ஒரு தமிழ் இயக்குநர். அதே ஆண்டு ‘தக்தீர் இலாஹி’, மறு ஆண்டு ‘பெங்ஹிடுப்பான்’ என்று இருவரும் தொடர்ந்தார்கள். மலாயாவில் வளர்ந்ததால் கிருஷ்ணனுக்கு மலாய் தெரியும், இந்த மண்ணும் தெரியும். இந்திய இயக்குநர்கள் எல்லாரும் மொழி தெரியாத வெளியூர்க்காரர்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இவர் பெயரை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

பி. என். ராவ் வேறு வகை. கேரளத்தில் பிறந்தவர். சிங்கப்பூருக்கு வருமுன் தமிழில் ‘ரம்பையின் காதல்’, ஜெமினிக்காக ‘மதனகாமராஜன்’ போன்ற படங்களை இயக்கியவர். சென்னை ஸ்டூடியோக்களின் கைத்திறமை அப்படியே அவரோடு கப்பலேறி வந்தது. ‘ஹுஜான் பானாஸ்’, ‘பெர்ஜோடோஹான்’, ‘அபு ஹசான் பென்சூரி’ என்று ரம்லியை வைத்து அடுத்தடுத்து எடுத்தார். பிறகு போட்டி ஸ்டூடியோவான கேத்தே–கெரிஸ் பக்கம் போய் 1957ல் மரியா மெனாடோவை வைத்து ‘பொந்தியானாக்’ எடுத்து, மலாய்ப் பேய்ப்படம் என்ற ஒரு வகையையே தொடங்கிவைத்தார். எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர், வங்காளத்து ஃபணி மஜும்தார் என்று பட்டியல் இன்னும் நீளும். ராமநாதன் எடுத்த ‘ஜுவித்தா’வும் ‘இபு’வும் தனியே ஆராயத் தக்கவை. படத்தொகுப்பு மேசையில் எச். ஆர். நாராயணா. பெரியவர்கள் இந்தப் பெயர்களைத் திரையில் பார்த்ததும் பெருமைப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன். அப்பா மலாய் கற்றுக்கொண்டதே இந்தப் படங்களில்தான் என்பார்.

இனி எதிர்த்தரப்பு. அதற்கு வலுவான வாதங்கள் உண்டு. பல இயக்குநர்கள் ஆங்கிலத்திலோ தங்கள் மொழியிலோ சொன்னதை மலாய் உதவி இயக்குநர்கள் மொழிபெயர்த்து நடிகர்களிடம் கொண்டுபோனார்கள். பின்னாளில் தாமே இயக்குநரான ஜமீல் சூலோங் இப்படித்தான் வளர்ந்தவர். அந்த நாள்களை நினைவுக் குறிப்பாகவும் எழுதிவைத்திருக்கிறார். மொழிபெயர்ப்பவர் ஒரு கட்டத்தில், இதை நாங்களே எடுத்தால் என்ன என்று கேட்பது இயல்புதானே? வெளிப்படையாகத் தெரிந்த குறை மலாய்ப் பழக்கவழக்கங்கள் பிழையாகக் காட்டப்பட்டன என்பது. 1956ல் ஃபணி மஜும்தார் ஷா நிறுவனத்துக்காக வண்ணத்தில் எடுத்த ‘ஹாங் துவா’வில் இந்தக் கோபம் உச்சத்துக்கு வந்தது. மலாய் வரலாற்றின் தலையாய வீரனை ஒரு வங்காளி எடுப்பதா என்று கேட்டார்கள். ரம்லிதான் அதில் ஹாங் துவா. அந்தப் படத்தின் இசைக்காக ஆசியப் பட விழாவில் பரிசும் வந்தது. ஆனாலும் கேள்வி ஓயவில்லை. 1961ல் ஹுசைன் ஹனிஃப் ‘ஹாங் ஜெபாட்’ எடுத்து, கலகம் செய்த நண்பனின் பக்கமிருந்து அதே கதையைத் திருப்பிச் சொன்னார். அதுதான் சரியான பதில் என்பது என் எண்ணம். ஒரு படத்துக்கு இன்னொரு படம்தான் பதில்.

இதே மஜும்தார் அதே 1956ல் ‘அனாக்கு சாசாலி’யில் ரம்லிக்கு அப்பா, மகன் என்ற இரட்டை வேடம் தந்தார். அந்த நடிப்புக்காக மறு ஆண்டு தோக்கியோவில் ஆசியாவின் சிறந்த நடிகர் பரிசு. செல்லம் கொடுத்து வளர்த்த மகன் கொள்ளைக்காரனாகி நிற்க, தந்தையே அவனைச் சட்டத்திடம் ஒப்படைக்கும் கதை. பி. யு. சின்னப்பா 1940ல் ‘உத்தமபுத்திரன்’ செய்த நாளிலிருந்து இரட்டை வேடம் நமக்குப் பழக்கம். ஆனால் ஒரே முகம் இரண்டு தலைமுறையின் குற்றவுணர்வைச் சுமக்கும் அந்தக் கடைசிக் காட்சிகளைப் பார்த்தவர்கள், ரம்லியிடம் ஒரு சிவாஜி இருந்தார் என்று ஒப்புக்கொள்வார்கள். இருவரும் ஆறு மாத இடைவெளியில் பிறந்தவர்கள். சிவாஜி 1928 அக்டோபர், ரம்லி 1929 மார்ச். ஆனாலும் தமிழில் ரம்லிக்கு இணை தேடினால் நான் சிவாஜியைச் சொல்ல மாட்டேன். பானுமதியைச் சொல்வேன். நடிப்பு, சொந்தக் குரலில் பாட்டு, இயக்கம், கதை எல்லாம் ஒரே உடம்பில் குடியிருந்த கலைஞர் என்றால் தமிழில் அந்த அம்மாதான்.

1955ல் ‘பெனாரேக் பேச்சா’ வந்தது. ரம்லி இயக்கிய முதல் படம். அவருக்கு முன்னாலேயே ஹாஜி மகாடி 1952ல் ஒரு படம் இயக்கிவிட்டார் என்பதால், முதல் மலாய் இயக்குநர் ரம்லி என்று சொல்வது பிழை. ஆனால் கதவைத் திறந்துவைத்தது இந்தப் படம்தான். பேச்சா என்ற மிதிவண்டி ரிக்‌ஷா மிதிக்கும் ஏழை இளைஞன், பணக்காரப் பெண், இவர்களுக்கு நடுவே அந்தஸ்து. மேலோட்டமாகப் பார்த்தால் ராவும் கிருஷ்ணனும் எடுத்திருக்கக்கூடிய அதே கதை. உற்றுப் பாருங்கள்: வேலை வேறு. பேச்சாக்காரனின் களைப்பு, அம்மாவோடு பேசும் தாழ்ந்த குரல், வசனத்துக்கு நடுவில் விடும் இடைவெளி, இவையெல்லாம் மேடையிலிருந்து வந்தவை அல்ல. ஏழாண்டு அவர் ஸ்டூடியோவில் சும்மா நடித்துக்கொண்டிருக்கவில்லை. ஆசிரியர்களின் கையைப் பார்த்துப் பார்த்து, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவுசெய்திருக்கிறார். பாட்டை வைத்துக்கொண்டார். கண்ணீரையும் வைத்துக்கொண்டார். பேச்சை மாற்றினார். நாடக வசனம் போய்க் கம்பத்துப் பேச்சு வந்தது.

இந்த மாற்றத்தின் உச்சம் ‘புஜாங் லாப்போக்’ படங்கள். நகரத்தில் வாடகை அறையில் கஷ்டப்படும் மூன்று பிரம்மச்சாரிகள். 1961ல் வந்த ‘செனிமான் புஜாங் லாப்போக்’கில் இந்த மூவரும் நடிகராக வேலை கேட்டு ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்கே போவார்கள். கேட்டில் ஒரு சிங் காவலாளி. உள்ளே கத்தும் இயக்குநர். இரவில் வசனம் மனப்பாடம் செய்யவிடாமல் இரையும் குடியிருப்பு. தன்னை வளர்த்த ஸ்டூடியோவையே ரம்லி அங்கே படம் பிடித்துவைத்திருக்கிறார். இன்று ஜாலான் அம்பாஸ் எப்படி இயங்கியது என்று ஆராய விரும்புபவருக்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை. படம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் 1957ல் அந்த ஸ்டூடியோ ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்த கதை தெரிந்தவருக்குச் சிரிப்பின் அடியில் இருப்பதும் தெரியும்.

‘இபு மெர்துவாகு’, 1962. நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எண்ணவில்லை. சாக்சபோன் வாசிக்கும் காசிம் செலாமாட்டைப் பணக்காரப் பெண் சபாரியா காதலித்து மணக்கிறாள். இருவரும் சிங்கப்பூரை விட்டுப் பினாங்குக்கு வந்து வறுமையில் வாழ்கிறார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி இறந்துவிட்டதாக மாமியார் பொய்த் தந்தி அடிக்கிறாள். அழுது அழுது காசிம் பார்வை இழக்கிறான். பின்னால் அவனுக்குக் கண் சிகிச்சை செய்து பார்வை மீட்டுத் தரும் மருத்துவரே அவன் மனைவியின் புதுக் கணவர். உண்மை தெரிந்ததும், மீண்ட கண்களை முள்கரண்டியால் தானே குத்திக்கொள்கிறான். தமிழ்ப் பட ரசிகருக்கு இந்தக் கதைப்போக்கு அந்நியமாகவே இராது. நம் பாட்டி வீட்டுக் கதை அது. அந்தத் துயரத்தை ரம்லி படமாக்கிய விதத்தில்தான் அவருடைய கல்வி தெரிகிறது: இந்திய இயக்குநர்கள் கற்றுத்தந்த உருக்கம், ஹாலிவுட்டின் நிழல் வெளிச்சம், மலாய்ப் பேச்சின் சிக்கனம், மூன்றும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன.

ஆராய்ச்சியாளர்களில் இந்தக் கலப்பை ஒதுக்காமல் நேராகப் பார்த்தவர் வில்லியம் வான் டெர் ஹைடே. 2002ல் வந்த அவருடைய நூல் மலேசியத் திரைப்படத்தை எல்லை கடந்த பண்பாட்டுப் பரிமாற்றமாகவே எடுத்து விளக்குகிறது. ரம்லியின் வாழ்க்கை விவரங்களுக்கு அகமது சர்ஜியின் உழைப்பு பெரிது. ஹசான் முத்தலிப்பின் வரலாறு ஸ்டூடியோ காலத்தின் நெளிவு சுளிவுகளைக் கூட இருந்து பார்த்தவர்போல் சொல்கிறது. தமிழில்தான் இந்தப் பொருள் பற்றி ஆழமான நூல் ஒன்று எழுதப்பட வேண்டியிருக்கிறது. எல். கிருஷ்ணனின் வாழ்க்கையை மட்டும் எடுத்தாலே ஒரு முழு நூலுக்குப் போதும்.

பொற்காலம் எப்படி முடிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1963ல் தொலைக்காட்சி வந்தது. இந்தோனேசியாவின் கொன்ஃப்ரொந்தாசி என்ற மோதல் கொள்கையால் அந்தப் பெரிய சந்தை மூடப்பட்டது. ஸ்டூடியோச் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஜாலான் அம்பாஸ் 1967ல் மூடியது. 1964லேயே ரம்லி கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார். அங்கே கருவிகளும் குறைவு, கைதேர்ந்த ஆட்களும் குறைவு. பக்கத்துக் கொட்டகையில் இந்திய, ஹாங்காங் வண்ணப் படங்கள் ஓட, அவர் கருப்பு வெள்ளையிலேயே எடுத்துக்கொண்டிருந்தார். அவர் இறுதி ஆண்டுகளைப் பற்றி நெஞ்சை அறுக்கும் கதைகள் ஏராளம் உலவுகின்றன. உறுதியானது இவ்வளவு: கடைசிப் படம் 1972ல் ‘லக்சமனா தோ ரே மி’, 1973 மே 29 மாரடைப்பு, வயது நாற்பத்து நான்கு. 1990ல் டான் ஸ்ரீ பட்டம். பதினேழு ஆண்டு தாமதம்.

ஆனால் அந்தக் கோலாலம்பூர்க் காலத்தில் ஒரு படம் இருக்கிறது, நாம் அதைக் கவனித்திருக்க வேண்டும். 1968ல் வந்த ‘கெரிமிஸ்’. தூறல் என்று பொருள். ரம்லி இயக்கி நடித்தது. கமால் என்ற மலாய் ஓவியன், லீலா என்ற இந்திய நாட்டியப் பெண். இரு குடும்பமும் எதிர்க்கக் கல்யாணம் செய்துகொண்டு வறுமையில் வாடும் கதை. லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். ரம்லியின் பெரிய படங்களோடு வைத்தால் கைத்திறனில் இது எளிய படம்தான். ஆனால் அது வந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு மே மாதம் இந்த நாட்டில் வெடித்த இனக்கலவரம் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டில், சந்தை கைவிட்ட ஒரு கலைஞர், மலாய்க்காரனும் இந்தியப் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் பட்டினி கிடந்து வாழும் கதையை எடுக்கலாம் என்று நினைத்தார். இருபது ஆண்டு இந்தியர்களோடு ஒரே தளத்தில் வேலை பார்த்தவருக்கு அந்தக் கதை வெளியிலிருந்து வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

‘பக்தி’யை எடுத்த இளைஞன் ஒரு தமிழன், அவன் கேமராவின் முன்னால் ஒரு பினாங்கு மலாய்ப் பையன். பதினெட்டு ஆண்டு கழித்துக் கேமராவுக்குப் பின்னால் அந்தப் பையன். முன்னால் ஒரு சண்முகம். இந்த இரண்டு படங்களையும் ஒரே மாலையில், கவுண்டர் ஹால் ரோட்டு மரவீட்டு முற்றத்தில் வெள்ளைத்துணி கட்டித் திரையிட யாராவது முன்வந்தால், நாற்காலி தூக்கிப் போட நான் வருகிறேன்.